தொண்ணூற்று நான்கு வரை

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இரண்டு, இரண்டு, மூன்று, நான்கு. மூன்று, இரண்டு, மூன்று, நான்கு. இப்படித்தான் எண்ண வேண்டும். ஒவ்வொரு பாருக்கும், அதாவது இசைத்தாளின் ஒவ்வொரு கட்டத்துக்கும், தாளத்தில் நான்கு தட்டு, முதல் தட்டின் இடத்தில் பாரின் எண்ணைச் சொல்லிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் எங்கே நிற்கிறோம் என்பது மறக்காது. என் முன்னால் இருக்கும் தாளில் ஒரு தடித்த கோடு, கோட்டின் மேல் 94 என்ற எண், அதற்குப் பிறகு ஒரே ஒரு குறி. தொண்ணூற்று நான்கு பார் சும்மா நிற்க வேண்டும், தொண்ணூற்று ஐந்தாவதின் முதல் தட்டில் கையிலிருக்கும் இரண்டு வெண்கலத் தட்டுகளையும் ஒரு தடவை மோத வேண்டும், பிறகு உட்கார்ந்துகொள்ளலாம். இந்த சிம்பொனி முழுவதிலும் எனக்கு வேலை அவ்வளவுதான். ஐந்து, இரண்டு, மூன்று, நான்கு. மேடையில் அறுபத்தொரு பேர். அணு விஞ்ஞானி ஒருவர் தன் உயரத்துக்கு ஒரு மரக்குழலை வைத்து ஊதுகிறார், பல் டாக்டர்கள் நான்கு பேர் வயலின், தோல் ஆராய்ச்சி நிலையத்து அம்மாள் செல்லோ, என் பக்கத்தில் இரண்டு பெரிய முரசுகளுக்குப் பின்னால் ஸ்டாஃப் நர்ஸ் பவுலின். நடத்துகிறவர் சிறுநீரக டாக்டர் துரைமாணிக்கம். எல்லோருக்கும் அவரவர் நுழைகிற இடத்தில் கை காட்டுவார், எனக்கு மட்டும் காட்ட மாட்டார். "சிவசைலத்துக்கு எதுக்குய்யா கை? அவரு கடிகாரம்" என்பார். பதினோரு வருஷத்தில் நான் ஒரு தடவை கூடத் தவறவில்லை. நான் இசை கேட்பதில்லை, எண்ணுகிறேன், அதனால் தவறுவதில்லை. எட்டு, இரண்டு, மூன்று, நான்கு. "ஆஸ்பத்திரியில எல்லாரும் டீனுக்கு ஜால்ரா. நிஜமாவே ஜால்ரா வாங்கி அடிக்கிற ஒரே ஆளு நம்ம சிவசைலம்தான்." இது ஹெப்சிபா. முதல் வருஷம் சொன்னாள், இப்போதும் புதிதாக யாராவது குழுவில் சேர்ந்தால் அவர்களுக்காக ஒரு தடவை சொல்கிறாள். புதிதாகச் சேர்ந்தவர் சிரிப்பார், பிறகு என்னைப் பார்ப்பார், நானும் சிரிப்பேன்.

பன்னிரண்டு, இரண்டு, மூன்று, நான்கு. வாசலில் கட்டிய துணியில் மருத்துவர்கள், விஞ்ஞானிகள் இசைக்குழு, அனுமதி இலவசம், அனைவரும் வருக என்று எழுதியிருக்கிறது. அனைவரும் வந்திருக்கிறார்கள். வெளியே சென்னை வெயில் ஆறு மணிக்கும் இறங்கவில்லை, உள்ளே ஏசி. வார்டில் நோயாளியைப் படுக்கவைத்துவிட்டு வந்த சொந்தக்காரர்கள் பின் வரிசைகளில் வாயைத் திறந்து தூங்குகிறார்கள், வருகைப் பதிவு உண்டு என்று மிரட்டிக் கூட்டிவந்த நர்சிங் மாணவிகள் மடியில் போனை ஒளித்துப் பார்க்கிறார்கள். முதல் பகுதி முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள், அங்கே தட்டக் கூடாது, துரைமாணிக்கத்தின் காது சிவந்தது. மூன்றாவது வரிசையில் பன்னிரண்டு பேர் பொன்னாடையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். புற்றை வென்றவர்கள். கச்சேரி தொடங்குமுன் மேடைக்கு அழைத்துப் போர்த்தினார்கள், ஏற்பாடு ஹெப்சிபா. பன்னிரண்டாவது ஆள் பூங்காவனம், வரிசையின் ஓரத்து நாற்காலி, செயற்கைக் காலை நடைபாதையில் நீட்டி வைத்திருக்கிறாள். அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது. பதினான்கு, இரண்டு, மூன்று, நான்கு. ஹெப்சிபாவைப் பார். எங்கள் ஆஸ்பத்திரியின் தலைமை அறுவை மருத்துவர், இந்தக் குழுவின் முதல் வயலின், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். வெளியே மேடம் என்று சொல்லிச் சொல்லி உள்ளே அவள் எனக்கு வெறும் அவள் ஆகிவிட்டாள். முழங்கை வரை வரும் பட்டு ரவிக்கை. அதற்குள்ளே இடது புஜத்தில் ஏழு தையல், மேலே பிளாஸ்திரி. ஐந்து நாளைக்கு முன் ஒரு ஜூனியர் மரக்க ஊசி போட்டு எடுத்த கட்டி. எலுமிச்சை அளவு. இன்று ஐந்தரை மணிக்கு ஒப்பனை அறையில் வில்லுக்குக் குங்கிலியம் தேய்த்துக்கொண்டே எல்லோர் முன்னாலும் கேட்டாள், "என்ன சிவசைலம், என் கொழுப்புக் கட்டி என்ன சொல்லுது?" பல் டாக்டர் ஒருவர், "மேடத்துக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு எழுதிக் குடுத்துருங்க சார்" என்றார். சிரிப்பு. நான், "ஸ்டெயின் சரியா ஏறலை மேடம், நாளைக்குத் திரும்பப் போட்டுச் சொல்றேன்" என்றேன். "அஞ்சு நாளா ஸ்டெயின் போடுறீங்களா? எங்க வீட்டுக்கு வெள்ளையடிச்சவன் கூட மூணே நாள்ல முடிச்சிட்டான்." மறுபடியும் சிரிப்பு. நானும் சிரித்தேன். முகம் சிரித்தது. கை தட்டுகளின் தோல்வாரைச் சரிசெய்துகொண்டிருந்தது.

பதினேழு, இரண்டு, மூன்று, நான்கு. திசுவுக்கு ஏற்றும் சாயம்தான் ஸ்டெயின், அது நன்றாகவே ஏறியிருந்தது. காலையில் பதினொன்றே முக்காலுக்கு என் டெக்னீஷியன் நாகூர்மீரான் ஸ்லைடைக் கொண்டுவந்து வைத்தார். "ஹெப்சிபா மேடத்தோடது சார். முதல்ல இதைப் பாத்துருங்க, இல்லேன்னா போன் போட்டு என்னைத்தான் கத்துவாங்க." மைக்ராஸ்கோப்பில் வைத்தேன், பார்த்தேன். கொழுப்புக் கட்டி என்றால் காலித் தேனடை மாதிரி இருக்கும், சோம்பேறித்தனமான திசு, பார்த்ததும் கொட்டாவி வரும். இது அப்படி இல்லை. வலையில் இழுத்த மீன்கள் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று நெருக்கியடித்துக்கொண்டு எல்லாம் ஒரே திசையில், பிறகு எல்லாம் வேறொரு திசையில். சதையில் வருகிற புற்று. எவ்வளவு கெட்டது என்று தெரிந்துகொள்ள எண்ண வேண்டும். நானூறு மடங்கு பெரிதாக்கி, அப்படிப் பத்து வட்டம், ஃபீல்டு என்போம், ஒவ்வொரு வட்டத்திலும் இரண்டாகப் பிளந்துகொண்டிருக்கிற செல்கள் எத்தனை. ஒன்றிரண்டு என்றால் மூச்சு விடலாம், இருபது என்றால் கையை எடுத்தாலும் நுரையீரலுக்குப் போகாமல் இருக்காது. எண்ணினேன். இருபத்து மூன்று. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து எண்ணினேன், இருபத்து மூன்று. கதவைச் சாத்திவிட்டு எண்ணினேன், இருபத்து மூன்று. ஏழாவது வட்டத்தின் ஓரத்தில் கறுப்பாக இன்னொன்று இருந்தது, சந்தேகம், விட்டுவிட்டேன். சந்தேகமானதைச் சேர்க்கக் கூடாது. முதலில் எனக்கு வருத்தம் வந்தது என்று சொன்னால் பொய். மூன்று தடவையும் ஒரே எண், அதுதான் முதலில் தோன்றியது. பிறகு கேன்டீனிலிருந்து டீயும் ஒரு வடையும் வரவழைத்துச் சாப்பிட்டேன். ஸ்லைடை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். இப்போது சாவி என் கால்சட்டைப் பையில். பத்தொன்பது, இரண்டு, மூன்று, நான்கு. கடைசியாக ஒரு தடவை நிம்மதியாக வாசிக்கட்டும் என்று விட்டேன். நாளைக்கு யாராவது கேட்டால் இப்படிச் சொல்லலாம், கேட்கிறவர் கண் கலங்குவார். ஆனால் பூட்டும்போது அப்படி நினைக்கவில்லை. அவள் கையில் என்ன இருக்கிறது என்று இன்று ஒரு சாயங்காலம் எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது, அந்தச் சாயங்காலம் எனக்கு வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவள் வீட்டுக்கு வெள்ளையடித்தவன் மூன்று நாளில் முடித்தானாம். முடிக்கட்டும்.

இருபத்து இரண்டு, இரண்டு, மூன்று, நான்கு. இருபத்து மூன்று, இரண்டு, மூன்று, நான்கு. இருபத்து மூன்று. இருபத்து மூன்று. இது பாரா, செல்லா? மேடையா, இழுப்பறையா? இந்த இருபத்து மூன்றை எத்தனை தடவை சொன்னேன்? வயலின்கள் ஏறுகின்றன, வில்கள் எல்லாம் ஒரே திசையில், பிறகு எல்லாம் வேறொரு திசையில். ஒரு பார் என்னைக் கேட்காமல் கடந்து போயிருக்கிறதா? போயிருக்கும். சந்தேகமாக இருக்கிறது. சேர்ப்பதா, விடுவதா? சேர்த்துக்கொள். இருபத்து ஐந்து, இரண்டு, மூன்று, நான்கு. சேர்த்துவிட்டேன். சந்தேகமானதைச் சேர்த்துவிட்டேன், மறுபடியும். அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்றேன், பார்த்துவிட்டேன். பூங்காவனம் பொன்னாடையின் ஓரத்தைத் திருப்பித் தையலைச் சோதித்துக்கொண்டிருக்கிறாள். செய்யாறில் தையல் கடை. பதினோரு வருஷத்துக்கு முன் தொடையில் ஒரு வீக்கத்தோடு வந்தாள், துண்டு எடுத்து எனக்கு அனுப்பினார்கள், எண்ணினேன், பத்தொன்பது என்று எழுதினேன். உண்மையில் மூன்று. சாகிற செல்லும் கறுத்துச் சுருங்கும், பிளக்கப்போகிற செல்லும் கறுத்துத் திரளும், அவசரமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அன்றைக்கு அவசரம், எனக்கு ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. யாருடைய கல்யாணம் என்று இப்போது ஞாபகம் இல்லை. செத்துக்கொண்டிருந்த பதினாறையும் சேர்த்துக்கொண்டேன். ஹெப்சிபா காலை எடுத்தாள். அந்தக் கால் என் மேஜைக்குத்தான் வந்தது, நீல வாளியில், விரல் நகங்களில் பாதி அழிந்த மருதாணியோடு. நாள் முழுக்க அறுத்து அறுத்துப் பார்த்தேன். புற்று எங்கும் இல்லை. பஸ் படியிலிருந்து விழுந்து உள்ளே ரத்தம் கட்டி ஆறிக்கொண்டிருந்த சதை. ஆறுகிற சதையும் அவசரமாகத்தான் வளரும். முப்பத்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. புற்று இல்லை என்று எழுதிய தாளை எடுத்துக்கொண்டு ஹெப்சிபாவின் அறைக்குப் போனேன். படித்தாள். கதவைச் சாத்தினாள். "யாருக்குச் சொன்னீங்க?" யாருக்கும் இல்லை என்றேன். "சொல்லாதீங்க. கட்டி முழுசா போயாச்சு, இனிமே பயமே இல்லைன்னு காலையிலதான் அவகிட்ட சொன்னேன். படுக்கையில எழுந்து உக்காந்து என்னைக் கும்பிட்டா. அதைக் கெடுக்கணுமா?" பிறகு தாளை நான்காக மடித்துக்கொண்டே சொன்னாள், "உங்களுக்கு எண்ணத் தெரியலை சிவசைலம். சனிக்கிழமை ஒத்திகைக்கு வாங்க. ரெண்டு தட்டு குடுக்கறேன். எண்ணக் கத்துக்கோங்க."

நாற்பது, இரண்டு, மூன்று, நான்கு. போனேன். போகாமல் இருக்க முடியுமா? அந்த மடித்த தாள் எங்கே இருக்கிறது என்று இன்றுவரை தெரியாது. பதினோரு வருஷம், ஒவ்வொரு சனிக்கிழமையும், "எண்ணுங்க சிவசைலம், எண்ணுங்க" என்று வயலினைத் தாடைக்கடியில் வைத்துக்கொண்டே சொல்வாள். மற்றவர்கள் இசையைப் பற்றிச் சொல்கிறாள் என்று நினைப்பார்கள். நாற்பத்து நான்கு, இல்லை, நாற்பத்து ஐந்து, இரண்டு, மூன்று, நான்கு. பூங்காவனம் வருஷத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்கு வருகிறாள். இல்லாத புற்று திரும்பி வந்துவிட்டதா என்று பார்க்கிறோம், வரவில்லை என்று சொல்கிறோம், சந்தோஷமாகப் போகிறாள். மிதிக்க முடியாது என்பதால் மோட்டார் வைத்த தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள். அதில் எனக்கு ஒரு உறை தைத்துக்கொண்டு வந்தாள், சிவப்பு வெல்வெட், உள்ளே பஞ்சு, தட்டுகள் வைக்க. "என் கட்டியைக் கண்டுபுடிச்சதே நீங்கதானாமே சார், டாக்டரம்மா சொன்னாங்க. நீங்க மட்டும் பாக்கலேன்னா இன்னா ஆயிருப்பேன்?" பின்னால் ஹெப்சிபா நின்றிருந்தாள், என் முகத்தைப் பார்ப்பதற்காகவே நின்றிருந்தாள். நல்ல உறை. என் காலடியில் கிடக்கிறது. நானும்தான் பூங்காவனத்திடம் சொல்லவில்லை. அந்த இடத்துக்கு வரும்போது மட்டும் எனக்கு எண்ணிக்கை நகர்வதில்லை, முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன், மறுபடியும் அதே இடத்தில் நிற்கிறது. ஐம்பத்து எட்டு, இரண்டு, மூன்று, நான்கு. ஐம்பத்து எட்டா, ஐம்பத்து ஏழா? பவுலினைக் கேட்கலாம். அவள் முரசின் தோலில் காதை வைத்து ஏதோ கேட்டுக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு அவள் எண்ணிக்கை. பதினோரு வருஷத்துக் கடிகாரம் ஒரு நர்ஸிடம் மணி கேட்பதா? துரைமாணிக்கம் கொம்பு ஊதுகிறவர்களைப் பார்க்கிறார், செல்லோவைப் பார்க்கிறார், என்னைப் பார்ப்பதே இல்லை. ஒரு தடவை பாருங்கள். அறுபத்து ஆறு, இரண்டு, மூன்று, நான்கு. தட்டு கனக்கிறது. வியர்வையில் தோல்வார் வழுக்குகிறது. ஏசி என்கிறார்கள், எனக்கு மட்டும் ஏன் எட்டவில்லை? நாளை ஹெப்சிபா நம்ப மாட்டாள். ஸ்லைடை மும்பைக்கு அனுப்பச் சொல்வாள், அனுப்புவேன், அங்கேயும் இருபத்து மூன்று என்பார்கள். கையை எடுக்க வேண்டும் என்பார்கள். வயலினைப் பிடிக்கிற கை, வயிற்றைத் திறந்து பிடிக்கிற கை, தாளை மடித்த கை. எடுத்து நீல வாளியில் போட்டு எனக்கு அனுப்புவார்கள். அப்போதும் நான் சரி. அவள் போய்ச் சேர்ந்த பிறகும் என் எண்ணிக்கை சரியாக இருக்கும். எழுபத்து ஒன்பது, இரண்டு, மூன்று, நான்கு. இந்த நினைப்பு இனிக்கிறதா? இனிக்கிறது. அடியில் வேறு ஏதோ இருக்கிறது, வடைக்குள் கல் மாதிரி, அதைக் கடிக்காமல் மெல்கிறேன். எண்பத்து ஆறு, அல்லது எண்பத்து ஐந்து. செல்லோ நின்றுவிட்டது. குழல்கள் ஒவ்வொன்றாக நிற்கின்றன. இனி ஹெப்சிபா மட்டும், தனியாக, ஒரே ஒரு சுரம், மிக மெல்லியது, உயரத்தில், ஐந்து பாருக்கு நீளும். அதற்குள் தாளம் எதுவும் கேட்காது, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. இசை கேட்கிறவனாக இருந்தால் தெரிந்திருக்கும், ஒரு மூச்சில், வில்லின் ஒரு திருப்பத்தில் தெரிந்திருக்கும். நான் எண்ணுகிறவன். தொண்ணூற்று இரண்டு, இரண்டு, மூன்று, நான்கு. அந்த இடது கை நடுங்கவே இல்லை. ஏழு தையலோடு நடுங்காமல் நிற்கிறது. தொண்ணூற்று மூன்று, இரண்டு, மூன்று, நான்கு. அந்த ஒன்றைச் சேர்த்தேனே. விடலாமா? இப்போது விட்டால் சரியாகிவிடுமா? தொண்ணூற்று நான்கு, இரண்டு, மூன்று. தட்டுகள் மார்புக்கு நேரே எழுந்துவிட்டன. "சார்" என்கிறாள் பவுலின், உதடு அசையாமல். "சார், இன்னும் ஒண்ணு."

மோதிவிட்டேன். அரங்கத்தில் அவளுடைய சுரத்தைத் தவிர எதுவும் இல்லை, அதன் மேல் இரண்டு வெண்கலத் தட்டுகள். பின் வரிசையில் தூங்கியவர்கள் எழுந்து உட்கார்கிறார்கள், ஒரு குழந்தை வீறிடுகிறது, யாரோ முடிந்துவிட்டது என்று கைதட்ட, நர்சிங் மாணவிகள் எல்லோரும் சேர்ந்து தட்டுகிறார்கள். பூங்காவனம் இரண்டு கையாலும் செயற்கைக் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். துரைமாணிக்கத்தின் குச்சி காற்றில் நிற்கிறது. ஹெப்சிபாவின் சுரம் மட்டும் அறுபடவில்லை. நான்கு தட்டு கழித்து, சரியான இடத்தில், அறுபது பேரும் ஒன்றாக இறங்குகிறார்கள், என் ஓசை இருக்க வேண்டிய இடம் பல் பிடுங்கிய மாதிரி காலியாக இருக்கிறது. அப்போது ஹெப்சிபா திரும்பினாள். முதல் வயலின் வாசிக்கும்போது திரும்பக் கூடாது, இத்தனை வருஷத்தில் திரும்பியதில்லை. வில் ஓடிக்கொண்டிருக்க, தாடையை வயலினிலிருந்து எடுக்காமல், நாற்காலியிலேயே இடுப்பைத் திருப்பி என்னைப் பார்த்தாள். முதலில் கோபம். நான் காத்திருந்த கோபம்தான். அது பாதியில் நின்றது. சிவசைலம் தவற மாட்டான் என்று அவளை விட நன்றாகத் தெரிந்தவர் இந்த ஊரில் இல்லை. ஐந்து நாள், ஏறாத ஸ்டெயின், ஒப்பனை அறைச் சிரிப்பு, எல்லாவற்றையும் அவள் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பது இங்கிருந்தே தெரிகிறது. பிறகு அவள் கண் என்னை விட்டு நகர்ந்து தன் இடது புஜத்துக்குப் போனது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. அப்புறம் திரும்பிக்கொண்டாள். மீதி இரண்டு பகுதியையும் ஒரு பிசிறு இல்லாமல் வாசித்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எண்ணுவதற்கு எதுவும் இல்லை. முதல் தடவையாக இசை காதில் விழுந்தது, சகிக்கவில்லை.

எல்லாம் முடிந்து புகைப்படத்துக்கு நிற்கச் சொல்கிறார்கள். பூங்காவனம் மேடைப் படிகளில் ஒவ்வொன்றாக ஏறி வருகிறாள். "எல்லாம் நல்லா இருந்துச்சு சார். அந்த ஒரு அடிதான் தூக்கிவாரிப் போட்டுடுச்சு." கூட்டத்தைக் கடந்து ஹெப்சிபா பின் வரிசைக்கு வருகிறாள், பூங்காவனத்தின் அந்தப் பக்கத்தில் நிற்கிறாள். பூங்காவனம் குள்ளம். அவள் தலைக்கு மேலே நாங்கள் இருவரும் கேமராவைப் பார்க்கிறோம்.

"எத்தனை?"

"மேடம்?"

"பத்து ஃபீல்டுக்கு எத்தனை, சிவசைலம்?"

"இருபத்து மூணு."

"இன்னாது சார் இருபத்து மூணு?" என்கிறாள் பூங்காவனம்.

"பாட்டுக் கணக்கும்மா" என்கிறாள் ஹெப்சிபா. புகைப்படக்காரர் எங்களை நெருங்கி நிற்கச் சொல்கிறார், நெருங்குகிறோம். "இன்னிக்கு உங்க எண்ணிக்கை தப்புதானே? அத்தனை பேரும் கேட்டாங்க."

"கேட்டாங்க."

"அன்னிக்கும் தப்பு." அவள் கண் ஒரு நொடி கீழே பொன்னாடைக்குப் போய்த் திரும்புகிறது. "அப்போ இதுவும் தப்பா இருக்கலாம், இல்ல?"

இந்தக் குரலை எனக்குத் தெரியும். என் அறை ஜன்னலுக்கு வெளியே பரிசோதனை முடிவுத் தாளை வாங்கிக்கொண்டு நகராமல் நிற்கிறவர்களின் குரல். அவளிடமிருந்து கேட்டதில்லை. இருக்கலாம் மேடம், நாளைக்கு இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று சொன்னால் போதும், ஒரு ராத்திரி தூங்குவாள்.

"இல்ல மேடம்" என்கிறேன். "நீங்க எண்ணக் கத்துக் குடுத்துட்டீங்க."

"டாக்டரம்மா, விழுந்துடப் போறேன், கையைக் குடுங்க" என்று பூங்காவனம் அவளுடைய இடது புஜத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொள்கிறாள், சரியாகத் தையல் மேல். ஹெப்சிபா கையை இழுக்கவில்லை. மூணு சொன்னதும் எல்லோரும் சிரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, புகைப்படக்காரர் எண்ண ஆரம்பிக்கிறார்.